கேக் டின்னுக்குக் கனம், ஒயின் கிளாஸுக்கு மென்மை: வீட்டுக்கு வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கேக் டின் வாங்கக் கடைக்குக் கிளம்புவதற்கு முன்னால் வீட்டிலேயே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. தையல் டேப்பை எடுத்துக்கொண்டு, ஆறிய ஓவனின் கதவைத் திறந்து, உட்புறத்தின் அகலம், ஆழம், கம்பித்தட்டிலிருந்து சூடேற்றும் மேற்புற ராடு வரையுள்ள உயரம் ஆகிய மூன்றையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஓடிஜி என்னும் சிறு மின் ஓவனின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 16 லிட்டர், 28 லிட்டர் என்ற எண்கள் மொத்தக் கொள்ளளவைச் சொல்கின்றனவே தவிர, நாம் வாங்கும் டின் அதற்குள் காற்றோட இடம்விட்டு அமருமா என்பதைச் சொல்வதில்லை. டின்னைச் சுற்றி நான்கு புறமும் குறைந்தது ஓர் அங்குலம் இடைவெளி வேண்டும். அந்த இடைவெளி இல்லாமல் டின் சுவரை ஒட்டி நின்றால், ஒட்டிய பக்கம் கருகி, எதிர்ப்பக்கம் வெளிறி, கேக் ஒரு புறமாகச் சாய்ந்து எழும்பும்.

அளவு கேட்கும்போது கடைக்காரர் சொல்லும் எட்டு அங்குலம் என்பது டின்னின் மேல்வாயில் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரையுள்ள அளவு. வெளியே மடித்த விளிம்பும் காதுப்பிடியும் அதற்கு மேல் இடம் எடுத்துக்கொள்ளும். பிடி வைத்த லோஃப் டின் ஒன்று சொன்ன நீளத்தைவிட இரண்டு அங்குலம் கூடுதலாக இருப்பது சாதாரணம். உயரத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. சிறிய ஓடிஜியில் மூன்று அங்குல உயர டின்னை வைத்தால், பொங்கிய கேக்கின் தலை ராடுக்கு மிக அருகில் போய், உள்ளே வேகும் முன்பே மேலே கறுத்துவிடும்.

டேப் கையில் இருக்கும்போதே, ஒயின் கிளாஸ்களை நிறுத்தி வைக்கப்போகும் அலமாரித் தட்டின் உயரத்தையும் அளந்துவிடுவது நல்லது. தண்டு வைத்த கிளாஸ்கள் பெரும்பாலும் 20 முதல் 24 சென்டிமீட்டர் வரை உயரம் கொண்டவை. காபி டபராவுக்கும் எவர்சில்வர் டம்ளருக்கும் கணக்குப் பார்த்துக் கட்டிய நம் சமையலறைத் தட்டுகளில் அவை நிற்பதில்லை. கேக் டின்னையும் ஒயின் கிளாஸையும் ஒரே கட்டுரையில் சேர்த்துப் பேசுவதற்கு டிசம்பர் மாதம்தான் முதல் காரணம். கிறிஸ்துமஸுக்குப் பிளம் கேக் சுடும் வீடுகளில் பல, அதனுடன் திராட்சை ஒயினையும் மேசையில் வைக்கின்றன. இரண்டுக்குமான பாத்திரங்களை ஒரே பயணத்தில் வாங்குகின்றன. இரண்டாவது காரணம், இவ்விரண்டையும் தேர்ந்தெடுக்கும் முறை நேர்மாறானது என்பது. டின்னில் எது நல்லதோ அது கிளாஸில் குறை.

எந்த உலோகம்

கண்ணாடிபோல் மின்னும் எவர்சில்வர் டின்னைவிட, அதற்குப் பக்கத்தில் மங்கலாகக் கிடக்கும் வெறும் அலுமினிய டின்னே கேக்குக்கு நல்லது. அலுமினியம் வெப்பத்தைக் கடத்தும் திறன் எவர்சில்வரைப்போல் சுமார் 15 மடங்கு. ராடுக்கு நேர்மேலே உள்ள இடத்தில் விழும் சூடு, அலுமினியத் தகட்டில் உடனே பரவி அடிப்பாகம் முழுவதையும் ஏறத்தாழ ஒரே நிலைக்குக் கொண்டுவருகிறது. எவர்சில்வரில் அந்தச் சூடு விழுந்த இடத்திலேயே தங்கி, கேக்கின் அடியில் ராடின் கோட்டை அப்படியே பழுப்பாக வரைந்துவிடுகிறது. எவர்சில்வரை இவ்வளவு விரும்பும் நம் வீடுகளில் இதைச் சொல்வது சற்றுச் சங்கடமானதுதான், ஆனாலும் குழம்புக்கு உகந்தது கேக்குக்கும் உகந்ததாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அலுமினியம் என்று முடிவு செய்த பிறகு பார்க்க வேண்டியது கனம். மெல்லிய தகடு சட்டென்று சூடேறி, சட்டென்று நெளியும். 200 டிகிரி ஓவனுக்குள் தட்டு ‘டங்’ என்று சத்தமிட்டு ஒரு மூலையைத் தூக்கிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு பகுதி மற்றொன்றைவிட முந்திச் சூடாகி விரிவதால் நிகழ்வது அது. தகட்டின் தடிமனைக் கேஜ் என்ற எண்ணால் குறிப்பார்கள். 18 கேஜ் என்றால் 1 முதல் 1.2 மில்லிமீட்டர் வரை. வீட்டு ஓவனுக்கு இந்தக் கனம் போதுமானது. கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, 24 கேஜ்தான் உயர்ந்த ரகம் என்று மகிழ்ச்சியோடு வாங்கி வந்தவர்கள் உண்டு. கேஜ் எண் எழுதாத டின்களே கடைகளில் அதிகம் என்பதால், ஒரே அளவுள்ள இரண்டு டின்களை இரண்டு கைகளிலும் தூக்கிப் பார்ப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. அலுமினியத்தைத் தராசில் வைத்து எடைக்கு விற்கும் வழக்கம் சில பாத்திரக் கடைகளில் இன்னும் இருக்கிறது. சென்னையில் பாரிமுனைப் பக்கம் கேக் சாமான்கள் விற்கும் கடைகளுக்குப் போகிறவர்கள், உறையில் அடைத்த வண்ண டின்களைத் தாண்டி, அடுக்கி வைத்திருக்கும் பேக்கரி டின்களைக் காட்டச் சொல்லலாம். அவற்றின் தோற்றத்தில் கவர்ச்சி ஒன்றும் இருக்காது, ஆனால் நாள்தோறும் சுட்டு எடுக்கும் தொழிலுக்காகச் செய்யப்பட்டவை அவை.

நிறத்துக்கும் பங்கு உண்டு. கறுத்த டின் ராடிலிருந்து வரும் கதிர்வெப்பத்தை அதிகமாக உறிஞ்சுவதால் கேக்கின் தோல் விரைவில் பழுத்துத் தடித்துவிடும். வெளிர் நிற அலுமினியம் அந்த வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். பிட்சாவுக்கும் பிரெட்டுக்கும் கறுப்பு நல்லது, ஸ்பாஞ்சுக்கும் பட்டர் கேக்குக்கும் வெளிர் நிறம் நல்லது. வீட்டில் ஏற்கெனவே கறுப்பு டின்தான் இருக்கிறது என்றால் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, செய்முறையில் சொன்ன சூட்டில் 15 டிகிரியைக் குறைத்து வைத்தால் போதும்.

வெறும் அலுமினியத்துக்குப் புளிப்பு ஆகாது. எலுமிச்சை, தக்காளி, தயிர் சேர்ந்தவற்றை அதில் சுட்டு அப்படியே இரவு முழுவதும் விட்டுவைத்தால், உலோகம் அரித்து உணவில் இரும்பு நாக்கில் பட்டதுபோல் ஒரு சுவை ஏறும். கேக் மாவுக்கும் டின்னுக்கும் நடுவே பட்டர் பேப்பர் இருந்தால் இந்தக் கவலை குறைவு. கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால் அனோடைஸ் செய்த அலுமினியத்தை வாங்கலாம். மேற்பரப்பைக் கடினமாக்கிய அந்த வகை, புளிப்பையும் கீறலையும் தாங்கும். எந்த வகையானாலும் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். அதன் காரத்தன்மை கொண்ட பொடி ஒரே கழுவலில் அலுமினியத்தைச் சாம்பல் பூத்ததாக மாற்றிவிடும்.

இந்த வெப்பக் கணக்கை நூல் படிக்காமலே அறிந்திருந்தவர்கள் இலங்கையின் லவ் கேக் சுட்ட பெண்கள். ரவை, முந்திரி, நீற்றுப்பூசணியைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் செய்யும் புகுல் தோசி, ஏராளமான முட்டை மஞ்சள் கரு, பன்னீர் எல்லாம் சேர்ந்த அந்தக் கேக்கில் சர்க்கரை அதிகம்; சாதாரணத் தட்டில் ஊற்றிச் சுட்டால் நடுப்பகுதி குழைவாகப் பதமாவதற்குள் ஓரம் கரிந்துபோகும். அதனால் தட்டுக்குள் செய்தித்தாளைப் பல மடிப்பாக விரித்து, அதன்மேல் வெண்ணெய் தடவிய தாளை வைத்து, மிதமான சூட்டில் நெடுநேரம் விடுவார்கள். தாள் அடுக்கு வெப்பத்தின் வேகத்தைத் தடுக்கிறது. மெல்லிய டின்தான் வைத்திருக்கிறீர்கள் என்றால் இந்தப் பழைய உபாயத்தை இன்றும் பிளம் கேக்குக்குப் பயன்படுத்தலாம். டின்னின் வெளிப்புறத்தைச் சுற்றி இரண்டு மடிப்புத் தடித்த தாளைக் கட்டுவதும் ஏறக்குறைய அதே பலனைத் தரும், தாள் ராடில் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அளவும் வடிவமும்

வட்ட டின்னின் அளவில்தான் பலருக்கும் கணக்குத் தவறுகிறது. ஆறு அங்குல டின்னுக்கும் எட்டு அங்குல டின்னுக்கும் இடையே இரண்டு அங்குலம்தானே வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: ஆறுக்கு 36 பங்கு என்றால் எட்டுக்கு 64 பங்கு. அதாவது எட்டு அங்குலத்துக்கு எழுதிய செய்முறையை ஆறு அங்குல டின்னில் ஊற்றினால், ஒன்றே முக்கால் மடங்குக்கும் சற்றுக் கூடுதலான மாவு உள்ளே நிற்கும். பொங்கி வழிந்து ராடில் சொட்டிப் புகைவதைத் தவிர வேறு எதுவும் நடக்காது. எட்டு அங்குலச் சதுர டின்னும் ஒன்பது அங்குல வட்ட டின்னும் ஏறத்தாழ ஒரே பரப்பு கொண்டவை, இரண்டும் சுமார் 64 சதுர அங்குலம். இந்த ஒரு சமன்பாட்டைத் தெரிந்துகொண்டால் வெளிநாட்டுச் செய்முறைகளில் பாதியை நம் வீட்டு டின்னுக்கு மாற்றிவிடலாம். எந்த டின்னிலும் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரைதான் மாவு இருக்க வேண்டும்.

சுவர் நேராக நிற்கும் டின்னையே தேர்ந்தெடுங்கள். அடி குறுகி வாய் அகன்ற டின்கள் ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி அனுப்ப வசதியானவை. அந்த வசதி விற்பவருக்கு உரியது. அவற்றில் சுட்ட இரண்டு கேக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிரீம் பூசும்போது, நடுவில் இடுப்புபோல் விழும் பள்ளத்தை நிரப்பவே கிரீமில் பெரும்பகுதி செலவாகும்.

புதிதாகத் தொடங்கும் வீட்டுக்கு என் கணக்கில் நான்கு சாமான்கள் போதும்: ஏழு அல்லது எட்டு அங்குல வட்ட டின் ஒரே மாதிரியாக இரண்டு, ஒரு லோஃப் டின், விளிம்பு தாழ்ந்த தட்டையான ட்ரே ஒன்று. பிஸ்கட்டுக்கும், தாளின் மேல் பிழிந்து குறைந்த சூட்டில் உலர்த்தும் தூத்துக்குடி மக்ரூன் வகைக்கும், வேறு டின்களை மேலே வைத்து ஓவனுக்குள் தள்ளுவதற்கும் அந்த ட்ரே உதவும். இதய வடிவம், எண் வடிவம், பொம்மை முக வடிவம் ஆகியவை ஆண்டுக்கு ஒரு பிறந்தநாளுக்குப் பயன்பட்டு மீதி நாட்களில் அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கும். வட்டத்திலும் சதுரத்திலும் சுட்டுக் கத்தியால் வெட்டியே இதயத்தை உருவாக்கலாம்.

நடுவில் குழாயும் சுவரில் மடிப்புகளும் கொண்ட பண்ட் டின்னுக்கு மட்டும் விதிவிலக்குத் தருவேன். அமெரிக்காவின் நார்டிக் வேர் நிறுவனத்தை நடத்திய டேவிட் டால்குவிஸ்ட் 1950இல் வார்ப்பு அலுமினியத்தில் அதைச் செய்தார். ஐரோப்பாவின் பழைய கூகல்ஹோஃப் கேக் அச்சின் வழி வந்த வடிவம் அது. இலங்கையில் ஐரோப்பிய வம்சாவளியினரான டச்சு பர்கர் குடும்பங்கள் கிறிஸ்துமஸுக்குச் சுடும் புரூடர் என்னும் கேக்குக்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்த மடிப்பு அச்சுதான். நடுக்குழாயின் வழியாகவும் சூடு உள்ளே செல்வதால் கனமான மாவும் சமமாக வேகும். வாங்குவதானால் வார்ப்பு அலுமினியத்தில் வாங்க வேண்டும். மெல்லிய தகட்டை அழுத்திச் செய்த பண்ட் டின்னில் மடிப்புகள் மழுங்கி, கேக் பாதி உள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

அடி கழன்று வரும் ஸ்பிரிங்ஃபார்ம் டின் சீஸ் கேக்குக்கு அவசியம், மற்றவற்றுக்குத் தேவையில்லை. கடையிலேயே கொக்கியைப் பத்து முறை மூடித் திறந்து, மூடிய நிலையில் அடித்தட்டு அசைகிறதா என்று பாருங்கள். நான் முதலில் வாங்கியதில் அந்தச் சோதனையைச் செய்யாததால், உருகிய வெண்ணெய் முழுவதும் இடுக்கு வழியே ஓவனின் அடியில் இறங்கி, வீட்டில் புகை சூழ்ந்து, அண்டை வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள்.

குக்கரில் கேக் சுடும் வழக்கம் உள்ளவர்கள் டின்னுக்கும் குக்கர் சுவருக்கும் நடுவே ஒரு விரல் அகல இடம் இருக்கும்படி வாங்க வேண்டும். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்போ மணலோ பரப்பி, மேலே ஸ்டாண்ட் வைத்துச் சுடும் அந்த முறைக்குத் தனி டின் கூடத் தேவையில்லை. நேர்ச்சுவர் கொண்ட பழைய கனமான அலுமினியப் பாத்திரம் இருந்தால் அதுவே சிறப்பாக வேலை செய்யும். மைக்ரோவேவ் கன்வெக்ஷன் வைத்திருப்பவர்கள், உலோக டின் கன்வெக்ஷன் முறையில் மட்டுமே உள்ளே போகலாம் என்பதையும், மைக்ரோவேவ் முறையில் போகக் கூடாது என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

கண்ணாடி, நான்ஸ்டிக், சிலிக்கான்

கண்ணாடியில் சுடலாம் என்பதே ஒரு வீட்டுச் சமையலறையில் நிரூபிக்கப்பட்ட விஷயம். நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜெஸ்ஸி லிட்டில்டன் என்ற இயற்பியலாளரின் மனைவி பெஸ்ஸியின் மண் பாத்திரம் விரிசல் விட, பெஸ்ஸி 1913இல், மின்கலங்களுக்காகச் செய்த கண்ணாடி ஜாடியின் அடிப்பகுதியை அறுத்து எடுத்துவரச் செய்து, அதில் ஸ்பாஞ்ச் கேக் சுட்டுப் பார்த்தார். கேக் சீராக வெந்தது, அடி பழுப்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. அதன் தொடர்ச்சியாக 1915இல் பைரெக்ஸ் விற்பனைக்கு வந்தது. போரோசிலிகேட் என்னும் அந்த வகைக் கண்ணாடி சூட்டில் மிகக் குறைவாகவே விரியும். ஜன்னலுக்கும் டம்ளருக்கும் பயன்படும் சோடா சுண்ணாம்புக் கண்ணாடி அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு விரியும். திடீர்ச் சூட்டு மாற்றத்தில் எது விரிசல் விடும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். வெளிநாட்டில் வாழ்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இன்று அமெரிக்காவில் விற்கும் பைரெக்ஸ், பதப்படுத்திய சோடா சுண்ணாம்புக் கண்ணாடி, பிரான்சில் செய்யப்படும் பைரெக்ஸ் போரோசிலிகேட். இந்தியாவில் போரோசில் நிறுவனத்தின் பேக்கிங் பாத்திரங்கள் பெயருக்கேற்பப் போரோசிலிகேட்டால் ஆனவை. அட்டையில் ‘மைக்ரோவேவ் சேஃப்’ என்று மட்டும் இருந்தால் அது ஓவனுக்கு ஏற்றது என்று பொருளாகாது. ‘ஓவன் சேஃப்’ என்ற சொல்லும் தாங்கும் சூட்டின் எண்ணும் தனியே இருக்க வேண்டும்.

எந்தக் கண்ணாடியானாலும் ஈரமான கிரானைட் மேடை அதற்கு எதிரி. ஓவனிலிருந்து எடுத்த பிரெட் புட்டிங் பாத்திரத்தை, துடைத்த ஈரம் காயாத மேடையில் நான் வைத்த மறு நொடி அது அடியிலிருந்து இரண்டாகப் பிளந்தது. மடித்த உலர்ந்த துணியோ மரப்பலகையோ இல்லாமல் கண்ணாடியை இறக்கக் கூடாது. கேக்குக்கு நான் கண்ணாடியைப் பரிந்துரைக்க மாட்டேன்; மெதுவாகச் சூடேறி, வெளியே எடுத்த பிறகும் நெடுநேரம் சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் ஓரம் வறண்டுவிடும். புட்டிங், கேசரோல், லசான்யா போன்றவற்றுக்கு அதே குணம் நன்மையாகிறது, மேசை வரை சூடு தங்குகிறது. கண்ணாடியில் சுடும்போது சூட்டை 15 டிகிரி குறைத்துக்கொள்ளலாம்.

நான்ஸ்டிக் பூச்சு மஃபின் ட்ரேயில் உண்மையிலேயே உதவுகிறது, மற்ற இடங்களில் பட்டர் பேப்பர் அதே வேலையைச் செய்துவிடும். பூச்சு 260 டிகிரிக்கு மேல் சிதையத் தொடங்கும்; வீட்டு ஓவன்கள் பெரும்பாலும் 250 டிகிரியோடு நின்றுவிடுகின்றன என்றாலும், காலித் தட்டை ராடுக்கு அடியில் விட்டுவைப்பது நல்லதல்ல. டின்னுக்குள்ளேயே கத்தியால் கேக்கை வெட்டும் வீட்டில் நான்ஸ்டிக் ஓராண்டு தாங்குவது கடினம். ஷிஃபான் கேக் சுடுபவர்கள் அதைத் தொடவே கூடாது, ஏனென்றால் அந்த மாவு சுவரைப் பற்றிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது.

சிலிக்கான் அச்சுகள் மடக்கி வைக்கவும் கழுவவும் எளிதானவை, வெப்பத்தை மோசமாகக் கடத்துபவை. கேக் வெளிறித்தான் வரும். கிள்ளி முறுக்கும்போது வெள்ளைக் கோடு தெரிந்தால் கலப்படம் என்று ஒரு சோதனை சொல்வார்கள். அதைவிட மூக்கை நம்புகிறேன். பெட்டியைத் திறந்ததும் ரப்பர் நெடி அடிக்கும் அச்சு, சூடேறியதும் அந்த நெடியை உணவுக்கும் கொடுக்கும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது, டின்னை மேசையில் வைத்து மூலைகளை மாறி மாறி அழுத்துங்கள், ஆடினால் வேண்டாம். நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது பள்ளம் விழுந்து திரும்புகிறது என்றால் தகடு மெல்லியது. மூலைகளில் மடிப்பு இருந்தால் மாவு புகுந்து கழுவ வராது. மேல்விளிம்பு உருட்டி மடிக்கப்பட்டிருக்க வேண்டும். அறுத்த விளிம்பு கையையும் அறுக்கும். தகரம் பூசிய இரும்பு டின் கடலோர ஊர்களின் காற்றில் எளிதில் துருவேறும் என்பதால், வாங்கினால், கழுவியதும் இன்னும் சூடு தணியாத ஓவனுக்குள் ஐந்து நிமிடம் வைத்து உலர்த்தும் பழக்கத்தையும் சேர்த்தே வாங்க வேண்டும்.

ஒயின் கிளாஸ்

இங்கே தராசு தலைகீழாகிறது. தடித்த கண்ணாடியில் பூவும் இலையும் செதுக்கிய கிளாஸ் ஷோகேஸுக்கு அழகு, ஒயினுக்கு இடைஞ்சல். ஒயினின் சுவையில் பெரும்பகுதி மணம். அந்த மணத்தை வெளிப்படுத்தி, சேர்த்து வைத்து, மூக்கிடம் கொண்டு சேர்ப்பதே கிளாஸின் பணி. அதற்கு மூன்று வேண்டும்: ஒயின் அகன்று பரவ வயிறுள்ள கிண்ணம், மணம் சிதறாமல் நிற்க உள்நோக்கிக் குறுகும் வாய், உதட்டில் உறுத்தாத மெல்லிய விளிம்பு. வாய் அகன்று விரியும் கிளாஸ் எவ்வளவு விலையானாலும் மணத்தைக் காற்றில் விட்டுவிடும்.

ஒயினைக் கிண்ணத்தின் மிக அகன்ற இடம் வரை மட்டுமே, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, ஊற்றுவது வழக்கம். மீதி இடம் சுழற்றுவதற்கும் மணம் தங்குவதற்கும். 750 மில்லிலிட்டர் பாட்டில் 150 மில்லிலிட்டர் வீதம் ஐந்து பேருக்கு வரும். அந்த 150 மில்லிலிட்டர் மூன்றில் ஒரு பங்காக நிற்க வேண்டுமென்றால் கிளாஸின் முழுக் கொள்ளளவு 400 முதல் 450 மில்லிலிட்டர் வரை இருக்க வேண்டும். கடையில் பெரிதாகத் தோன்றும் இந்த அளவு, ஊற்றிப் பார்க்கும்போது சரியாக இருக்கும். 200 மில்லிலிட்டர் கிளாஸை விளிம்பு வரை நிரப்பித் தருவது நம் விருந்தோம்பலுக்கு ஏற்றதாகத் தோன்றினாலும், அதில் மணத்துக்கு இடமில்லை.

ஒவ்வொரு திராட்சைக்கும் தனி கிளாஸ் வேண்டுமா என்றால், வீட்டுக்கு வேண்டாம் என்பதே என் பதில். ஆஸ்திரியாவின் கண்ணாடித் தயாரிப்பாளர் கிளவுஸ் ரீடல் 1958இல் பர்கண்டி ஒயினுக்கென்று ஒரு பெரிய கிண்ணத்தை வடிவமைத்து, 1973இல் ஒயின் வகைக்கு ஒன்றாக ஒரு வரிசையையே வெளியிட்டார். வடிவம் மணத்தை மாற்றும் என்ற அவருடைய அடிப்படைக் கருத்து சரியானதே. ஆனால் நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்ற பழைய வரைபடத்தைக் காட்டி இந்தக் கிளாஸ் ஒயினை இன்ன இடத்தில் விழச்செய்யும் என்று விற்பனையாளர் விளக்கினால் நம்ப வேண்டியதில்லை. நாக்கின் சுவை உணரும் பகுதிகள் எல்லாமே எல்லாச் சுவைகளையும் உணர்கின்றன. தொழில்முறையில் ஒயினைச் சுவைத்து மதிப்பிடுவதற்கென 1977இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பான ஐஎஸ்ஓ வகுத்த கிளாஸ், சிவப்புக்கும் வெள்ளைக்கும் ஒன்றே. 215 மில்லிலிட்டர் அளவுள்ள அது சுவைத்துப் பார்க்கத்தான், விருந்துக்குச் சிறியது. துலிப் மொட்டுபோன்ற நடுத்தரக் கிண்ணம் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால், நுரைக்கும் ஒயின் உட்பட எல்லாவற்றுக்கும் அதுவே போதும்.

தண்டு அலங்காரத்துக்காக வைத்ததல்ல. வெள்ளை ஒயின் 8 முதல் 12 டிகிரியில் பரிமாறப்படுவது; உள்ளங்கையில் கிண்ணத்தை ஏந்தினால் சில நிமிடங்களில் அது தன் குளிர்ச்சியை இழக்கும். சிவப்பு ஒயினை அறைச் சூட்டில் தர வேண்டும் என்ற சொல்லில் வரும் அறை ஐரோப்பாவின் பழைய வீட்டு அறை, அதன் சூடு 16 முதல் 18 டிகிரி. 32 டிகிரி அறையில் அமர்ந்திருக்கும் நமக்குச் சிவப்பு ஒயினையும் சற்றே குளிர்வித்துத் தண்டுள்ள கிளாஸில் தருவதுதான் முறை. தண்டில்லாத கிளாஸ் குறைவாக உடையும்; பழச்சாறும் நீர்மோரும் அருந்தும் வீட்டுக்கு அதுவே பொருத்தம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கண்ணாடியின் வகை அடுத்தது. சாதாரண சோடா சுண்ணாம்புக் கண்ணாடி மலிவானது, உறுதியானது, விளிம்பு சற்றுத் தடித்தது. ஈயம் சேர்த்த கிரிஸ்டலை 1670களில் லண்டனில் ஜார்ஜ் ரேவன்ஸ்கிராஃப்ட் உருவாக்கினார். ஒளியை அழகாக உடைக்கும், தட்டினால் மணிபோல் ஒலிக்கும். ஐரோப்பிய விதிப்படி ‘லெட் கிரிஸ்டல்’ என்று எழுத 24 விழுக்காடு ஈய ஆக்சைடு இருக்க வேண்டும். ஒரு மாலை அருந்தும் நேரத்தில் கசியும் ஈயம் சொற்பம் என்றாலும், அத்தகைய கிரிஸ்டலால் ஆன டிகாண்டர் என்னும் குடுவையில் ஒயினை நாட்கணக்கில் வைத்திருப்பது தவறு. இன்று ஈயத்துக்குப் பதிலாக டைட்டானியம், துத்தநாகம், பேரியம் சேர்த்த ஈயமில்லாக் கிரிஸ்டல் கிடைக்கிறது. மெல்லிய விளிம்பும் ஓரளவு உறுதியும் ஒன்றாக வேண்டுமென்றால் அதைத்தான் வாங்க வேண்டும். தட்டினால் அதுவும் ஒலிக்கும் என்பதால் ஒலியை மட்டும் வைத்து ஈயம் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய முடியாது, அட்டையைப் படிக்க வேண்டும்.

விளிம்பைச் சோதிக்கக் கண் போதாது. நகத்தை வெளிப்புறமாக மேல்நோக்கி நகர்த்துங்கள். உச்சியில் ஒரு சிறு திட்டு தட்டுப்பட்டால் அது உருட்டிய விளிம்பு, குடிக்கும்போது ஒயின் அதில் தடுக்கி உதட்டோரம் வழியும். அறுத்து மெருகிட்ட விளிம்பு ஒரே சீராக முடியும். பிறகு கிளாஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, தண்டின் நெடுகே அச்சின் கோடு தெரிகிறதா, கிண்ணமும் தண்டும் சேரும் இடத்தில் கட்டி இருக்கிறதா, காற்றுக் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். சமமான மேசையில் நிறுத்தி அடிப்பாகம் ஆடாததை உறுதி செய்யுங்கள். நிறக் கண்ணாடி வேண்டாம், ஒயினின் நிறத்தைப் பார்க்க முடியாது.

ஆறு பேர் கொண்ட மேசைக்கு எட்டு கிளாஸ் வாங்குவது அறிவு, ஏனென்றால் இரண்டு உடையும். அந்த வடிவம் அடுத்த ஆண்டும் தனித்தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, கிடைக்கும் வரிசையிலிருந்தே வாங்குங்கள். உடைவதில் பெரும்பகுதி குடிக்கும்போது நடப்பதில்லை, ஒரு கையில் அடியையும் மறு கையில் கிண்ணத்தையும் பிடித்து முறுக்கித் துடைக்கும்போது தண்டு ஒடிவதால் நடக்கிறது. எந்தப் பகுதியைத் துடைக்கிறோமோ அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். சாம்பார் பாத்திரம் தேய்த்த ஸ்பாஞ்சால் கிளாஸைத் தொட்டால் எண்ணெய்ப் படலமும் பெருங்காய மணமும் ஏறும், நுரைக்கும் ஒயினில் நுரை நிற்காது; அதற்குத் தனி ஸ்பாஞ்ச் வையுங்கள். போர் தண்ணீர் விடும் வெள்ளைப் புள்ளிகள் வினிகர் கலந்த வெந்நீரில் அலசினால் போய்விடும். நிமிர்த்தியே அடுக்குங்கள், கவிழ்த்து வைத்தால் மெல்லிய விளிம்பு எடையைச் சுமக்கும், அலமாரியின் மர நெடியும் உள்ளே அடைபடும். தூசுக்கு அஞ்சுபவர்கள் மேலே ஒரு மெல்லிய துணியை விரித்துவிட்டு, விருந்தன்று ஒருமுறை வெறும் தண்ணீரில் அலசிக் கொள்ளலாம்.